ஆஸ்பத்திரி மேல் தப்பா, எங்கள் மேல் தப்பா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் பாளையங்கோட்டை. கோவில்பட்டிப் பக்கம் போய் 48 நாள் ஆன கன்னி இன நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்தோம். மறுநாளே, விற்றவர் அனுப்பிய தம்பி ஒருவர் வீட்டுக்கே வந்து முதல் தடுப்பூசி போட்டார். இரண்டு வாரம் வீடு முழுக்கத் துள்ளிக்கொண்டு கிடந்தது. அப்புறம் ஒருநாள் காலையில் மஞ்சளாக வாந்தி. பல் முளைக்கிறது, பூச்சி இருக்கும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பூச்சி மருந்து கொடுத்தோம். மெடிக்கலில் கேட்டு, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையும் கொடுத்தோம். மூன்றாம் நாள் ரத்தமாகப் போகவும் ஒரு தனியார் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார்கள். மூன்று நாள் உள்ளே வைத்து டிரிப் ஏற்றினார்கள். நாலாம் நாள் விடியற்காலையில், "குட்டி போயிட்டு, வந்து எடுத்துக்கிடுங்க" என்று போன். பில் 13,600 ரூபாய், 'சிகிச்சைக் கட்டணம்' என்று ஒரே வரி. என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டால் "அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாது" என்கிறார்கள். வ.உ.சி. மைதானத்துக்கு நாய் கூட்டி வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த டாக்டரைக் கைராசிக்காரர் என்கிறார்கள், மீதிப் பேர் கொள்ளைக்காரர் என்கிறார்கள். தப்பு யார் மேல்? ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருக்குமா? புகார் செய்ய வழி உண்டா? ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் இன்னொரு குட்டி கேட்டு அழுகிறாள். உப்பு-சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கும்போது அது அவள் விரலைக் கடித்து ரத்தம்கூட வந்தது, அப்படியும் அதே ஜாதிக் குட்டிதான் வேண்டுமாம்.

— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: விரலைக் கடித்து ரத்தம் வந்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அம்மா, முதலில் அதைப் பார்த்துவிடுவோம். உங்கள் கடிதம் கிடைத்ததும் போனில் சொல்லிவிட்டேன். படிக்கிற மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். ரேபிஸ் ஊசி போடாத குட்டி, கடித்து ரத்தம் வந்திருக்கிறது, பத்து நாளுக்குள் செத்தும் போயிருக்கிறது. பார்வோ என்று சோதனையில் வந்திருந்தாலும் ரேபிஸ் இல்லை என்று ஆகிவிடாது. கடித்த நாய் உயிரோடு இருந்தால்தான் பத்து நாள் கண்காணிப்பு என்ற கணக்கெல்லாம். இங்கே கண்காணிக்க நாயே இல்லை. கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், உடனே ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாள் கடந்துவிட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும். ஊசியைத் தோலில் போடும் முறை என்றால் முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ம் நாள்கள். தசையில் போடுவதென்றால் 14-ம் நாளும் சேரும். ரத்தம் வந்த காயம் என்பதால், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்தும் தேவையா என்று அவர்கள் பார்ப்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. பால்பல்தானே, குட்டிதானே என்று விடுகிற வீடுகள் நம் ஊரில் நிறைய. தயவுசெய்து விடாதீர்கள்.

சரி, இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

குட்டி செத்ததற்கு ஆஸ்பத்திரி காரணமா? நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், செத்ததற்காக அவர்களைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் உங்களை அவர்கள் நடத்திய விதம் சரியில்லை. இரண்டும் வேறு வேறு சங்கதி. மைதானத்தில் பேசுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். குட்டி பிழைத்தவர் கைராசி என்கிறார், சாகக் கொடுத்தவர் கொள்ளை என்கிறார். இந்த இரண்டு பேச்சையும் வைத்து ஓர் ஆஸ்பத்திரியை எடைபோட முடியாது.

பார்வோ என்ன செய்கிறது என்று தெரிந்தால் நான் சொல்வது விளங்கும். குடலின் உள்சுவரில் பழைய செல்கள் உதிர உதிரப் புதியவை அடியில் இருந்து முளைத்து மேலே வரும். அந்த அடிப்பகுதிதான் நாற்றங்கால். பார்வோ கிருமி வயலை விட்டுவிட்டு நாற்றங்காலில் கைவைக்கிறது. மேலே இருப்பது உதிர்ந்து போகும், நட ஆள் இருந்தும் நாற்று இருக்காது. குடல் சுவர் வெறும் புண்ணாகிவிடும். அங்கே இருக்கும் பாக்டீரியா நேராக ரத்தத்தில் இறங்கும். அதே கிருமி எலும்பு மஜ்ஜையையும் தாக்குவதால், எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளை அணுக்களும் சரிந்துவிடும். கிருமியை நேரடியாகக் கொல்லும் மருந்து இல்லாதது உங்கள் டாக்டரிடம் மட்டும் அல்ல. நம் ஊர் ஆஸ்பத்திரிகள் எதிலும் அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கவில்லை. போகிற தண்ணீரை டிரிப்பில் ஈடுகட்டுவது, வாந்தியை நிறுத்துவது, ரத்தத்தில் இறங்கிய பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது, சர்க்கரை குறையாமல் பார்ப்பது, வாந்தி நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவது. குடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிற வேலை இது. ஒன்றுமே செய்யாமல் விட்டால் பெரும்பாலான குட்டிகள் செத்துவிடும். ஆரம்பத்திலேயே கொண்டுவந்து, வசதியுள்ள இடத்தில் ராப்பகலாகப் பார்த்தால் பத்தில் எட்டு பிழைக்கும், ஒன்பதுகூடப் பிழைக்கலாம்.

'ஆரம்பத்திலேயே' என்பதில்தான் விஷயம். உங்கள் குட்டி மூன்றாம் நாள் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் குட்டி மேஜைமேல் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தோள்பட்டைத் தோலை இரண்டு விரலால் கூட்டிப் பிடித்து விட்டால் கூடாரம் மாதிரி அப்படியே நிற்கும், இறங்க நேரம் எடுக்கும். ஈறு ரோஸாக ஈரமாக இருக்க வேண்டியது, வெளுத்துப் போய் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். முன்னங்காலில் ரப்பரைக் கட்டித் தடவினால் நரம்பு அகப்படாது. மூன்று கிலோ குட்டிக்குப் பத்து சதவீதம் நீர் வற்றியிருந்தால் 300 மில்லி பாக்கி. அது போக அன்றாடத் தேவை 180 மில்லி அளவுக்கு. அதற்குமேல் போய்க்கொண்டே இருக்கிற வாந்தியும் பேதியும். வீட்டில் சிரிஞ்சில் ஊற்றிய சர்க்கரைத் தண்ணீர் இதற்கு எந்த மூலைக்கு? அதுவும் குடித்த வேகத்தில் வெளியே வந்திருக்கும்.

மெடிக்கலில் வாங்கிய மாத்திரை வேண்டாத வேலை. குடலை ஓடவிடாமல் கட்டிப்போடுகிற மாத்திரையைக் கிருமித் தொற்றில் கொடுத்தால், வெளியேற வேண்டியது உள்ளேயே தங்கும். பூச்சி மருந்து அந்த நாளில் உதவவும் இல்லை, அது கொன்றது என்றும் சொல்ல மாட்டேன். உங்களைக் குத்திக் காட்ட இதைச் சொல்லவில்லை. தடுப்பூசி முழுசாக முடியாத குட்டி இரண்டு தடவை வாந்தி எடுத்துச் சோர்ந்து படுத்தால், பல், பூச்சி, கண்திருஷ்டி என்று யோசிக்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். "நாட்டு நாய்க்கு நோய் வராதுல்லா" என்று இந்தப் பக்கம் ஒரு பெருமைப் பேச்சு உண்டு. கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாம் வெயிலுக்கும் ஓட்டத்துக்கும் தாங்கும், உண்மை. பார்வோவுக்கு அந்த ஜாதிப் பெருமையெல்லாம் தெரியாது. தெருநாய்க் குட்டிகள் கொத்துக் கொத்தாகச் சாவதைப் பார்க்கிறோமே.

எனக்கு உறுத்துவது அந்தத் தடுப்பூசிதான். அட்டையை எடுத்துப் பாருங்கள். கூட்டுத் தடுப்பூசி பெரும்பாலும் இரண்டு குப்பியாக வரும். ஒன்றில் அடியில் ஒட்டிய வெள்ளை வில்லை மாதிரி மருந்து, இன்னொன்றில் அதைக் கரைக்கும் திரவம். உங்கள் கண்முன்னால் கலக்க வேண்டும். குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டி, தேதி போட்டு, டாக்டர் கையெழுத்தும் பதிவு எண்ணும் போட வேண்டும். ஸ்டிக்கரில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். உங்கள் அட்டையில் பேனாவால் 'ஊசி போட்டாச்சு' என்று மட்டும் இருந்தால், போட்டது என்ன என்று யாருக்கும் தெரியாது. இந்த மருந்து 2-ல் இருந்து 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியது. கோவில்பட்டி வெயிலில் பைக் டேங்க் கவரில் வந்திருந்தால் அது வெறும் தண்ணீர்தான். 1984-ம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். அந்தத் தம்பி யார் என்று விற்றவரிடம் கேளுங்கள்.

நல்ல ஊசியே போட்டிருந்தாலும் ஒரு டோஸ் போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் சேர்த்து அழித்துவிடும். அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். "அதான் ஊசி போட்டாச்சே டாக்டர், அப்புறம் எப்படி வந்துச்சு?" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்த இடைவெளியில் குட்டியைப் பறிகொடுத்தவர்கள்.

விற்றவரிடமே நோய் இருந்ததா என்றால், அதற்கு வாய்ப்புக் குறைவு. கிருமி உள்ளே போய் மூன்று முதல் ஏழு நாளில் நோய் தெரியும், மிஞ்சினால் இரண்டு வாரம். உங்களிடம் இரண்டு வாரம் நன்றாக இருந்திருக்கிறது. மைதானத்தில் மிதித்த செருப்பில் வந்திருக்கலாம்.

இப்போது அந்த ஆஸ்பத்திரி. பில் தொகை அதிகமா என்று கேட்டால், மூன்று நாள் உள்நோயாளி, டிரிப், வாந்தி ஊசி, ஆன்டிபயாடிக், சோதனை எல்லாம் உண்மையிலேயே செய்திருந்தால் அப்படி ஒரு தொகை வந்திருக்கலாம். ஆனால் செய்தார்களா இல்லையா என்று ஒரே வரி பில்லில் இருந்து எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதுதான் என் வருத்தம். "சொன்னா புரியாது" என்பது எங்கள் தொழிலுக்கே இழுக்கு. ஆட்டுக்காரப் பெரியவருக்குத் துள்ளுமாரி நோயைப் புரிய வைத்துத்தான் ஊசி போடுகிறோம். உங்களுக்கு ஏன் புரியாது? முதல் நாளே "நிலைமை மோசம், பிழைக்கப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு, ஒரு நாளைக்கு இவ்வளவு ஆகும்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, அந்த விடியற்காலை போன். ராத்திரி அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டீர்களா? நம் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளில் சிலவற்றில் சாயங்காலம் டாக்டர் போனதும் ஷட்டர் இறங்கிவிடும். உள்ளே கூண்டில் குட்டி, கம்பியில் தொங்கும் டிரிப் பாட்டில். ஊசி ஏற்றிய முன்னங்காலை அது மடக்கிப் படுத்தாலே டிரிப் நின்றுவிடும். டேப்பைக் கடித்துப் பிய்த்துவிட்டாலும் அப்படித்தான். சாப்பிடாத சின்னக் குட்டிக்குச் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கும். யாராவது பக்கத்தில் இருந்தால் குளுக்கோஸ் கொடுத்துப் பிடித்துவிடலாம். ராத்திரி ஆள் இல்லை என்றால், "பகலில் டிரிப் ஏற்றி ராத்திரி உங்களோடு அனுப்புகிறோம், சர்க்கரைத் தண்ணீரை ஈறில் தடவுங்கள், இப்படி இப்படி ஆனால் போன் பண்ணுங்கள்" என்று நேர்மையாகச் சொல்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை அதிகம். சேர்க்கும்போதே கேட்க வேண்டிய முதல் கேள்வி, ராத்திரி யார் பார்ப்பார்கள் என்பதுதான். அப்புறம், பார்வோ குட்டிக்குத் தனி அறை இருக்கிறதா, நாங்கள் வந்து பார்க்கலாமா, ஒரு நாள் செலவு எவ்வளவு, கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பு) நகல் தருவீர்களா. இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடம், கட்டடம் சின்னதாக இருந்தாலும் நல்ல இடம்.

எங்கள் பக்க நியாயத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சேர்த்துவிட்டுப் போனை எடுக்காமல் போகிறவர்கள் உண்டு. பில் ஏற ஏற நாயையே விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. அதனால் சில இடங்களில் பேச்சு வெடுக்கென்றுதான் இருக்கும். அதற்காகக் கணக்குக் கொடுக்காமல் இருக்கக் கூடாது.

ராமையன்பட்டிக்குப் போயிருந்தால்? சங்கரன்கோவில் ரோட்டில் இருக்கும் அந்தக் கல்லூரி 2012-ல் தொடங்கியது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. படிக்கிற பிள்ளைகள் இருக்கிற ஆஸ்பத்திரி என்பதால், ஒரே விஷயத்தை நாலு பேர் நாலு தடவை கேட்பார்கள். காத்திருக்க வேண்டும். சிலருக்கு அது எரிச்சல். எனக்கு அதுதான் பிடிக்கும்: கேட்பது எல்லாம் எழுதப்படும், மாணவர் தவறவிட்டதை ஆசிரியர் பிடிப்பார். ரத்தம் பார்க்க, எக்ஸ்ரே எடுக்க, ஆபரேஷன் செய்ய ஒரே வளாகம். முதல் நாளே போயிருந்தால் உங்கள் குட்டிக்கு நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். அதே முதல் நாளில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் வாய்ப்பு நன்றாகவே இருந்திருக்கும். மூன்றாம் நாளில் எங்கே போயிருந்தாலும் கஷ்டம்தான். உங்கள் பக்கத்து மாட்டாஸ்பத்திரியையும் ஒதுக்க வேண்டாம். தடுப்பூசிக்கும் முதல் உதவிக்கும் அது போதும், எங்கே கொண்டுபோக வேண்டும் என்றும் சொல்லிவிடுவார்கள். நாள் முழுக்க மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஓடுகிற இடம், நாயை உள்ளே வைத்து டிரிப் ஏற்ற அங்கே ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

புகார் பற்றி. முதலில் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: குட்டியின் கேஸ் ஷீட் நகல், கொடுத்த மருந்துகளின் பட்டியல், சோதனை முடிவு, இனவாரியான பில். திட்டி எழுத வேண்டாம், பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை இதிலேயே தீர்ந்துவிடும். பதில் வராவிட்டாலோ, வந்த பதிலைப் பார்த்துச் சிகிச்சையில் கோளாறு என்று தோன்றினாலோ, டாக்டரின் நடத்தை குறித்து மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கு எழுதலாம். காசு வாங்கிக்கொண்டு செய்த சேவை என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த காசு ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் ஒன்று, குட்டி செத்தது என்பது மட்டும் வழக்காகாது. செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். பிரேதப் பரிசோதனை செய்திருந்தால் கை பலமாக இருந்திருக்கும். இப்போது புதைத்தாயிற்று. இனி யாருக்காவது இப்படிச் சந்தேகம் வந்தால், உடலை ஐஸ் வைத்துக் குளிர்ச்சியாக, உறையவிடாமல், அன்றைக்கே ராமையன்பட்டிக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள். என்னைக் கேட்டால், நீங்கள் கடிதம் எழுதுங்கள், பதிலை வாங்குங்கள், அதைப் பார்த்துவிட்டு மேலே போவதா என்று முடிவு செய்யுங்கள். கோபத்தில் கிளம்ப வேண்டாம்.

மகளுக்கு இன்னொரு குட்டி. தாராளமாக, ஆனால் உடனே வேண்டாம். பார்வோ கிருமி வீட்டுக்குள்ளும் மண்ணிலும் மாதக்கணக்கில், சில நேரம் ஓராண்டுகூடக் கிடக்கும். ஃபினாயில் ஊற்றினால் வீடு மணக்கும், கிருமியை அதை நம்பி விட முடியாது. தரையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, துணி வெளுக்கும் ப்ளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஈரமாக நிற்க விடுங்கள். தட்டு, சங்கிலி எல்லாவற்றுக்கும் அதே. மெத்தை, துணியை எரித்துவிடுங்கள். முற்றத்து மண்ணை ஒன்றும் செய்ய முடியாது, வெயில் படும்படி விடலாம். அதனால் அடுத்து வருவது 16 வாரம் தாண்டி, தடுப்பூசி எல்லாம் முடிந்து, கடைசி ஊசி போட்டு இரண்டு வாரமாவது ஆன நாயாக இருக்கட்டும். கொஞ்சம் வளர்ந்த நாய் ஒட்டாது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். கன்னி நாய் வீட்டு ஆளை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும்.

வந்த பிறகு ஆறாவது மாதத்திலோ ஓராண்டு ஆகும்போதோ ஒரு பூஸ்டர், மூன்று மாதம் ஆனதும் போட வேண்டிய ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று அட்டையில் சரிபார்த்தல், அப்புறம் ஆண்டுதோறும் அது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வரிசையில் நிற்கும்போது குட்டியைத் தரையில் விடாதீர்கள், மடியிலேயே வைத்திருங்கள்; நோயோடு வருகிற குட்டிகள் எல்லாம் நிற்கிற தரை அது. மகளிடம் ஒரு நோட்டுக் கொடுத்து, எந்தத் தேதியில் எந்த ஊசி, எந்த மருந்து, எடை எவ்வளவு என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். அடுத்த தடவை டாக்டர் முன்னால் அந்த நோட்டோடு போய் உட்காருங்கள், பேச்சே வேறு மாதிரி இருக்கும். அவளுடைய ஊசித் தேதிகளையும் அதிலேயே எழுதி வையுங்கள், 28-ம் நாள் ஊசியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.